தேடும் கட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "உன் தொழில் பத்தி ஏதாவது பேசுப்பா, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் பாலம் கட்டிய கதையைச் சொன்னார். அதில் எத்தனை டன் இரும்பு போனது என்று கேட்டு நாமெல்லாம் வாய் பிளந்தோம். நான் பேசப்போவது கணிப்பொறித் திரையில் அரை அங்குலம்கூட இல்லாத ஒரு பெருக்கல் குறியைப் பற்றி. (சிரிப்பு) சிரிப்பீர்கள் என்று தெரியும். கடைசியில் ஒரு பெரியவரின் சர்க்கரை அளவு வருகிறது, அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு தேடும் கட்டம். இடது ஓரத்தில் பூதக்கண்ணாடிப் படம். ஏதாவது எழுதினால் வலது ஓரத்தில் பெருக்கல் குறி. அதைத் தொட்டால் எழுதியது அழிந்துவிடும். இன்று இது எல்லாக் கணிப்பொறியிலும் கைபேசியிலும் இருக்கிறது. ஆனால் 2003-இல் ஆப்பிள் நிறுவனம் தன் மேக் இயங்குதளத்தில் இதை ஒரு தனி உறுப்பாகவே கொடுத்தபோது, லினக்ஸில் வேலை செய்தவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது.

லினக்ஸில் சன்னல், பொத்தான், எழுதும் கட்டம் ஆகியவற்றை நாம் ஒவ்வொரு தடவையும் புதிதாக வரைவதில்லை. அவற்றையெல்லாம் செய்து வைத்திருக்கும் ஒரு தொகுப்பிலிருந்து எடுத்துப் பூட்டுகிறோம். அதற்கு டூல்கிட் என்று பெயர். நான் பயன்படுத்தியது ஜிடிகே. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர், ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும், 'கிம்ப்' என்ற படம் வரையும் மென்பொருளுக்காகச் செய்துகொண்ட தொகுப்பு அது. மாணவர்கள் செய்தது என்பதைப் பின்வரிசைக்காரர்கள் கொஞ்சம் கவனிக்கவும். பிறகு க்னோம் என்ற மேசைத்தளம் முழுவதும் அதன் மேலேயே எழும்பியது. நம் சென்னையில் சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் அந்த க்னோமோடுதான் வந்தது.

ஜிடிகேயில் எழுதும் கட்டம் இருந்தது. ஆனால் அதற்குள் படம் வைக்க வழி இல்லை. என்ன செய்வார்கள்? ஆளுக்கொரு அடுப்பு மூட்டினார்கள். எபிபனி என்ற வலை உலாவிக்காரர்கள் தங்களுக்கென்று ஒன்று எழுதிக்கொண்டார்கள். எவல்யூஷன் என்ற அஞ்சல் மென்பொருள்காரர்கள் இன்னொன்று. கிறிஸ்டியன் ஹேமண்ட் என்பவர், மற்றவர்களும் எடுத்துக்கொள்ளட்டுமே என்று, இப்படிப்பட்ட உறுப்புகளைத் தனி நூலகமாகவே வெளியிட்டார். அந்த நூலகத்தின் பெயர் லிப்செக்ஸி. (சிரிப்பு) நான் வைத்த பெயர் இல்லை சார். அதை லேப் கணிப்பொறியில் நிறுவ அனுமதி கேட்டு எழுத வேண்டியிருந்ததே, அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று யோசித்து யோசித்து, கடைசியில் நானே ஒன்று எழுதிக்கொள்வது மேல் என்று முடிவு செய்தேன். என் கண்டுபிடிப்புக்குக் காரணம் அறிவு இல்லை, கூச்சம்.

இறுதியாண்டு புராஜெக்ட். ஊருக்குள் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையம். அங்கே நோயாளியின் பெயரைப் பதிந்து, முடிவை ஏற்றி, சீட்டு அச்சடிக்க ஒரு மென்பொருள். பைத்தானில் எழுதினேன். தேடும் கட்டத்தை மட்டும் கைவேலையாகச் செய்தேன். எப்படி என்றால், எழுதும் கட்டத்தின் சொந்த ஓரத்தை எடுத்துவிட்டு, அதன் இரு பக்கமும் இரண்டு படங்களை ஒட்டி, மூன்றுக்கும் பின்னால் வெள்ளையடித்து, வெளியே ஒரு சட்டம் போட்டுவிட்டேன். பார்க்கிறவர்களுக்கு ஒரே கட்டம் மாதிரி தெரியும். பெருக்கல் குறியை நானே வரைந்தேன். மொத்தம் இருநூற்று நாற்பது வரி.

2009 ஏப்ரலில் வைவா. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது டூல்கிட்டிலேயே இருக்கிறதா, நீ செய்ததா?" என்று கேட்டார். "அதில் கிடையாது சார், முழுக்க என்னுடையது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். நல்ல மதிப்பெண் கொடுத்தார்.

ஜிடிகே 2.16 வெளிவந்தது 2009 மார்ச். அதில் எழுதும் கட்டத்துக்குள்ளேயே இரண்டு படங்கள் வைக்கும் வசதி சேர்க்கப்பட்டிருந்தது. அதாவது நான் நெஞ்சை நிமிர்த்துவதற்கு ஒரு மாதம் முன்பே! நம் லேபில் இருந்தது உபுண்டு 8.04. அதில் ஜிடிகே 2.12 தான். அதனால் எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வாங்கிய மதிப்பெண்ணைத் திருப்பித் தர இப்போது வழி இருந்தால் பேராசிரியர்கள் சொல்லவும்.

படிப்பு முடிந்ததும் அந்தப் பரிசோதனை நிலையம் மென்பொருளை அப்படியே வைத்துக்கொண்டது. எனக்கும் மாதாமாதம் கொஞ்சம் பணம் வந்தது. முன்மேசையில் ஓர் அக்கா. கணிப்பொறி படித்தவர் இல்லை, ஆனால் விரல் அப்படிப் பறக்கும். ஒரு வருடம் எந்தப் புகாரும் இல்லாமல் ஓடியது.

2010-இல் உபுண்டு 10.04 வந்தது. கணிப்பொறியை அதற்கு மாற்றினேன். உள்ளே ஜிடிகே 2.20. திரையின் தோற்றமும் மாறிவிட்டது. எல்லாக் கட்டங்களும் ஓரம் வளைந்து அழகாக நிற்க, என் கட்டம் மட்டும் பழைய பெட்டிக்கடைப் பலகை மாதிரி சதுரமாக நின்றது. கணக்குப் பார்க்கும் பெரியவருக்குக் கண் மங்கல். அவர் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும் தோற்றத்தை வைத்துக்கொள்வார். அவர் திரையில் என் கட்டத்தின் இரு முனையிலும் நான் அடித்த வெள்ளை, பல்லிளித்தது. சரி, இனி டூல்கிட்டின் சொந்த வசதிக்கே மாறிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் மாணவர்களுக்காகக் கொஞ்சம் தொழில் விவரம். மற்றவர்கள் இரண்டு நிமிடம் காபி நினைப்பில் இருக்கலாம்.

புதிய வசதியில் படம் வைக்க இரண்டு இடம் உண்டு. இடது, வலது என்று அவற்றுக்குப் பெயர் இல்லை. முதல் இடம், இரண்டாம் இடம். ஏன் என்றால் அரபியிலும் உருதுவிலும் எழுத்து வலமிருந்து தொடங்குகிறது. அங்கே முதல் இடம் தானாகவே வலப்பக்கம் போய்விடும். என் கைவேலையில் இந்த நினைப்பே இல்லை. படத்தை அழுத்தினால் கட்டம் நமக்குச் சேதி சொல்லும், ஆனால் இரண்டு படத்துக்கும் ஒரே சேதிதான்; எந்த இடம் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. முதல் நாள் பூதக்கண்ணாடியை அழுத்தினாலும் எழுதியது அழிந்தது. திருத்தினேன்.

அடுத்தது படம். டூல்கிட்டில் 'துடை' என்ற பெயருக்கு ஒரு படம் தயாராக இருந்தது. அன்றைய க்னோம் படத்தொகுப்பில் அது என்ன தெரியுமா? துடைப்பம். அசல் துடைப்பம்! அக்கா பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, எழுதற எடத்துல தொடப்பத்தக் கொண்டாந்து வெச்சிருக்கே?" என்றார். அதுவும் வெள்ளிக்கிழமை காலை. என் பழைய பெருக்கல் குறியையே அங்கே வைத்தேன்.

கட்டம் காலியாக இருக்கும்போது குறியை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். எடுத்தால் எழுதும் இடத்தின் அகலம் கூடிக் குறைகிறது. அதனால் குறியை அங்கேயே விட்டு மங்கலாக்கிவிட்டேன்.

கடவுச்சொல் கட்டத்தில் ஒரு வேடிக்கை. அழகுக்காக அதன் கடைசியில் ஒரு சாவிப் படம் வைத்தேன். மறுநாள் காலை மூன்று பேருக்கும் உள்ளே போக முடியவில்லை. நம் ஊர் முன்மேசையில் எல்லோரும் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில்தான் அடிப்பார்கள், கேப்ஸ் லாக் விளக்கு அணைந்தே பார்த்ததில்லை. கேப்ஸ் லாக் போட்டிருந்தால் கடவுச்சொல் கட்டம் தானே ஓர் எச்சரிக்கைப் படம் காட்டும், அதுவும் இதே 2.16-இல் சேர்ந்ததுதான். ஆனால் அது காட்டும் இடம் இரண்டாம் இடம். அங்கே நாம் சாவியைக் குந்தவைத்துவிட்டால் எச்சரிக்கை வராது. கையேட்டில் எழுதியிருக்கிறது. கையேட்டை நான் மறுநாள்தான் படித்தேன். சாவி முதல் இடத்துக்குப் போனது.

இத்தனையும் முடிந்தபின் என் இருநூற்று நாற்பது வரி கொண்ட கோப்பை அழித்தேன். அதன் இடத்தில் இருபது வரிகூட இல்லை. பொய் சொல்லக்கூடாது, கை கொஞ்சம் தயங்கியது. மதிப்பெண் வாங்கிக் கொடுத்த கோப்பு. ஆனாலும் மனசுக்கு லேசாகத்தான் இருந்தது, மாடியறையைக் காலி செய்தது போல.

மூன்று நாள் கழித்து நிலையத்திலிருந்து போன். ஒரு பெரியவர் சீட்டோடு வந்து நிற்கிறார் என்றார்கள். ஓடினேன். எழுபது வயது இருக்கும். கோபமே இல்லை. "தம்பி, எனக்கு வயசு முப்பத்தி நாலுன்னு போட்டிருக்கு. சந்தோசந்தான். ஆனா சக்கரை இருநூத்தி எம்பதுன்னு போட்டிருக்கே, போன மாசம் நூத்தி முப்பதுதானே இருந்துச்சு? டாக்டர் மாத்தரைய ஏத்திடுவாரே!" என்றார்.

வேறொருவருடைய சீட்டு. பெயரின் முதல் நான்கைந்து எழுத்து ஒன்று, மீதி வேறு. அவர் வயதைப் படித்ததால் தப்பினோம். படிக்காமல் நேராக டாக்டரிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை, இங்கே மருத்துவர் வீட்டு மாப்பிள்ளைகள் சிலர் இருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும். சர்க்கரை ஏறாதவருக்கு மாத்திரையை ஏற்றினால் மயங்கி விழுவார்.

அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது, சொல்ல வெட்கமாக இருக்கிறது: அக்கா ஏதோ அவசரத்தில் தப்பாக அழுத்தியிருப்பார். அப்படிச் சொல்லியும்விட்டேன். அக்கா முகம் விழுந்துவிட்டது. "நா எப்பவும் செய்யற மாதிரிதான் தம்பி செஞ்சேன்" என்றார்.

அரைநாள் அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவர் வேலை இப்படி. தேடும் கட்டத்தில் பெயரின் தொடக்கத்தை அடிப்பார். கீழே பட்டியல் சுருங்கும். அதில் ஆளைச் சுட்டியால் தொட்டு அச்சடிப்பார். பிறகு பெருக்கல் குறியை ஒரு தட்டு. உடனே, கண் அடுத்த ஆளைப் பார்த்தபடியே, அடுத்த பெயரை அடிப்பார். என்டர்.

மூன்றாவது ஆளுக்கு வரும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் அடித்த பெயர் தேடும் கட்டத்தில் விழவில்லை.

விஷயம் இதுதான். கடைசியாகச் சுட்டி தொட்டது பட்டியலை. எனவே விசைப்பலகை பட்டியலிடம் இருக்கிறது. பெருக்கல் குறியை அழுத்தினால் கட்டத்தில் உள்ளது அழியும், ஆனால் விசைப்பலகை கட்டத்துக்குத் திரும்பி வராது. ஜிடிகேயில் கட்டத்துக்குள் இருக்கும் படத்தை அழுத்துவதும் கட்டத்தையே அழுத்துவதும் வேறு வேறு. கட்டம் காலியானதும் பட்டியலில் எல்லாப் பெயரும் திரும்ப நிறைந்துவிடும். அக்கா அடிக்கும் எழுத்துகள் பட்டியலுக்குப் போகும். ஜிடிகே பட்டியலுக்குச் சொந்தமாக ஒரு தேடல் உண்டு, நாம் கேட்காமலே வேலை செய்யும்: எழுத்துகளை வாங்கிக்கொண்டு, அவற்றில் தொடங்கும் முதல் பெயர்மேல் போய் நிற்கும். மூலையில் சின்னதாக ஒரு பெட்டி மட்டும் தெரியும். என்டர் அடித்தால் அந்த ஆளின் சீட்டு அச்சாகும்.

மூன்று நாள் ஏன் தெரியவில்லை? அந்த எழுத்தில் தொடங்கும் பெயர் பட்டியலில் ஒன்றே ஒன்று இருந்தால், சரியான ஆள்மேல்தான் நிற்கும். சீட்டு சரியாகவே வரும். இரண்டு பேர் இருந்தால்தான் வம்பு. முன்பெல்லாம் இரண்டு பேரையும் காட்டும், அக்கா பார்த்துத் தொடுவார். இப்போது அதுவே முதல் ஆளை எடுத்துக்கொண்டது.

பழைய கோப்பைக் காப்புப் பிரதியிலிருந்து தோண்டி எடுத்தேன். பெருக்கல் குறிக்கான பகுதியில் இரண்டே வரி. ஒன்று, கட்டத்தைக் காலி செய். இரண்டு, விசைப்பலகையைக் கட்டத்துக்குக் கொண்டு வா. அந்த இரண்டாவது வரியை நான் ஏன் எழுதினேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். அக்காவேதான் நினைவுபடுத்தினார். "மொத மாசமே சொன்னேனே தம்பி, எக்ஸு தட்டுனா எழுத்து எங்கியோ போவுதுன்னு. நீ உக்காந்து சரி பண்ணியே." ஆமாம். 2009 ஜூனில் அவர் சொல்லி, நான் நின்றவாக்கில் சேர்த்த வரி. பக்கத்தில் ஏன் என்று ஒரு குறிப்புகூட எழுதவில்லை. மாற்றும்போது என் கைவேலையின் தோற்றத்தை எல்லாம் ஒன்றுவிடாமல் புதியதில் கொண்டுவந்தேன். அக்காவின் வரியை மட்டும் குப்பையோடு சேர்த்து வாரிக் கொட்டிவிட்டேன்.

அன்றே அந்த வரியைச் சேர்த்தேன். பட்டியலின் சொந்தத் தேடலை நிறுத்தினேன். மூன்று நாளில் அச்சான எல்லாச் சீட்டையும் பதிவேட்டோடு வைத்து நானும் அக்காவும் இரவு பத்து மணி வரை ஒப்பிட்டோம். இன்னும் ஒன்று தப்பாக இருந்தது. நல்ல காலம், யாரும் வந்து வாங்கவில்லை, உறையிலேயே இருந்தது. வீட்டுக்குப் போகுமுன் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல வுடு, சாப்ட்டு போ" என்றார்.

கோப்பை அழித்தது தப்பா என்று இளைஞர்கள் கேட்கலாம். இல்லை. அதை இன்றும் சரி என்றே சொல்வேன். நான் ஒருவன் பார்த்துக்கொள்ளும் இருநூற்று நாற்பது வரியை விட, உலகம் முழுக்கப் பலர் பார்த்துக்கொள்ளும் கட்டம் மேல். கண் மங்கிய பெரியவரின் திரையை அது நான் சொல்லாமலே சரி செய்தது. எபிபனிக்காரர்களும் எவல்யூஷன்காரர்களும் தங்கள் சொந்த அடுப்பை அணைத்துவிட்டு அங்கேதான் வந்தார்கள். க்யூட் என்ற போட்டி டூல்கிட்டிலும் 2013-இல், 5.2 பதிப்பில், இதே வசதி உள்ளேயே வந்துவிட்டது.

ஆனால் ஒரு தடவை மாறினால் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். நம் ஊரையே பாருங்கள். 2006 அக்டோபரில் பாண்டிச்சேரி அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆனது. காலாப்பட்டில் பல்கலைக்கழகம் இன்னமும் ஆங்கிலத்தில் பாண்டிச்சேரி என்றே இருக்கிறது. வண்டி எண்ணில் அதே பி.ஒய். தெருமுனை நீலப் பலகையில் பிரெஞ்சுப் பெயரும் நிற்கிறது, தமிழ்ப் பெயரும் நிற்கிறது. தபால்காரர் இரண்டுக்கும் கடிதம் கொண்டுவந்து தருகிறார். டூல்கிட்டிலும் அப்படித்தான், பழைய பெயரை உடனே வெட்டிவிட மாட்டார்கள். 'இது பழசு, புதியதுக்கு மாறிக்கொள்' என்று எச்சரித்தபடி சில வருடம் ஓடவிடுவார்கள். நான் 2010-இல் பயன்படுத்திய தயார்ப் படப் பெயர்களை 2013-இல் ஜிடிகே 3.10 பழசு என்று ஒதுக்கியது. அதற்கு முன்பே, 2012-இல், 3.6 பதிப்பில், பூதக்கண்ணாடியும் துடைக்கும் குறியும் சேர்ந்த தேடும் கட்டம் தனி உறுப்பாகவே வந்துவிட்டது. என் இருபது வரியும் போயிற்று. வித்தியாசம் என்னவென்றால், தபால்காரர் போல டூல்கிட் கடைசிவரை இரக்கம் காட்டாது. 2020 டிசம்பரில் வந்த ஜிடிகே 4-இல் பழைய பெயர்களை வெட்டியே விட்டார்கள். கடவுச்சொல்லுக்கும் அதில் தனிக் கட்டம் வந்துவிட்டது, கண் படமும் கேப்ஸ் லாக் எச்சரிக்கையும் அடித்துக்கொள்ளாமல் இருக்கின்றன.

அந்தப் பரிசோதனை நிலையம் இப்போது கொஞ்சம் பெரிதாகிவிட்டது. நான் வேறு பெரிய வேலைகளில் இருந்தாலும் அந்த மென்பொருளை விடவில்லை. இப்போது அதை ஜிடிகே 4-க்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். விசைப்பலகையைக் கட்டத்துக்குக் கொண்டுவரும் வரி, பதினைந்து வருடத்தில் மூன்று தடவை இடம் மாறிவிட்டது. இப்போது அதன் தலைமேல் தமிழில் நான்கு வரிக் குறிப்பு இருக்கிறது: யார் சொன்னது, எந்த மாதம், இல்லாவிட்டால் எந்தச் சீட்டு யார் கைக்குப் போகும் என்று.

அக்காவுக்கு இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ் பாக்கி. போன வாரம் புதியதைக் காட்டப் போனேன். பதிப்பு எண்ணெல்லாம் சொல்லத் தொடங்கினேன். "இரு தம்பி" என்று சொல்லிவிட்டு, பட்டியலில் ஓர் ஆளைத் தொட்டார், பெருக்கல் குறியைத் தட்டினார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு பெயரை அடித்தார். பிறகுதான் திரையைத் திரும்பிப் பார்த்தார்.